மாவுப்பொருளும் புற்றுநோயும்

அரிசி, கோதுமை, சோளம், கேழ்வரகு ஆகிய தானியங்களே நம் நாட்டு மக்களுடைய உணவின் பெரும்பகுதி. இவற்றிலுள்ள மாவுப்பொருள் குடலில் ஜீரணமாகி, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இச்சர்க்கரையே புற்றுநோயை வளர்க்கிறது என்றெண்ணி, நோயுற்றோருக்குச் சோற்றையும் பழத்தையும் அறவே நிறுத்திவிடுவோர் உண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை?

இதற்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களில் புற்றுத் திசுக்களை ஆராய்ந்தார். பிராணவாயு போதிய அளவு கிடைத்தபோதும், அவை குளுக்கோஸை மிகுதியாக ஈர்த்து லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். கதிரியக்கம் ஊட்டிய குளுக்கோஸ் போன்றதொரு பொருளை உடலில் செலுத்திப் புற்று இருக்குமிடத்தைக் காணும் 'பெட்' பரிசோதனை, இவ்வியல்பைப் பயன்படுத்துவதே.

ஆயினும், சர்க்கரையை விலக்கினால் புற்று பட்டினியால் மடியும் என்பது பொருந்தாது. மூளைக்கும் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் தேவை. உணவில் அது வாராதபோது, தசைப் புரதம் முதலியவற்றிலிருந்து கல்லீரல் அதனை ஆக்கித் தருகிறது. ஆகவே இரத்தத்தில் குளுக்கோஸ் அற்றுப்போவதில்லை. புற்றுக்கும் அதில் பங்கு கிடைத்துவிடுகிறது. மெலிபவர் நோயாளியே. மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்குவது அரிது.

நோய் வருமுன் காப்பதில் மாவுப்பொருளின் அளவும் வகையும் கருதத்தக்கவை. இனிப்புப் பானங்களை மிகுதியாக அருந்துதல் உடற்பருமனுக்கு வழிசெய்கிறது. உடற்பருமன் 13 வகைப் புற்றுநோய்களுடன் தொடர்புடையது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் அறிவித்தது.

நார்ப்பொருளும் மாவுப்பொருளின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது பெருங்குடற் புற்றினின்று காக்கும் தன்மையுடையது. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் 1971-இல் இத்தொடர்பை வலியுறுத்தினார். ஜீரணமாகாத நாரைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் உயிரணுக்களுக்கு அதுவே உணவு. வயதுவந்தோர் நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறிய அறிவுரை.

தவிடு நீக்காத தானியமும், பருப்பும், கீரையும் இந்நாரை எளிதில் அளிக்கும். நலமுள்ளோர் இவற்றைப் பெருக்கிச் சர்க்கரையைக் குறைத்தல் நன்று. நோயுற்றோரின் உணவையோ மருத்துவரைக் கலந்தே மாற்றுதல் வேண்டும். அவர்தம் சோற்றைப் பறிப்பது மருந்தாகாது.