துப்பாக்கிக் கட்டையும் புலிமுகமும்

வாலாஜாபேட்டைக்கு வடக்கேயுள்ள சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதின. நம் ஊருக்குப் பெயர் தந்த ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா அப்போது கம்பெனியின் பக்கம் நின்றார். அக்காலப் போர்களைப் பற்றி எழுதுவோர் பீரங்கியையும் ராக்கெட்டையும் விரிவாகப் பேசுவர். சிப்பாயின் தோளில் அழுந்திய மரக்கட்டையை அவர்கள் அரிதாகவே கவனித்தனர். நாம் காண விழைவது அதனையே.

இரும்புக் குழல், தீமூட்டும் விசை, இரண்டையும் தாங்கும் கட்டை ஆகிய மூன்றும் சேர்ந்ததே துப்பாக்கி. குழல் தலைமுறைகள் தாண்டி உழைக்கும்; கட்டையோ வெடிக்கும், கரையானுக்கு இரையாகும். ஆகவே பழைய குழலுக்குப் புதுக் கட்டை பூட்டுவதில் புதுமை ஏதுமில்லை. 'தோராதார்' எனப்பட்ட நம் நாட்டுத் திரித் துப்பாக்கியில் அது எளிய வேலை. மெலிந்து நீண்ட கட்டையோடு குழலைப் பிணைத்தவை கம்பியும் தோல்வாருமே. ஈரத்தோல் உலர்கையில் சுருங்கி இறுகும் என்பதை ஆம்பூர், இராணிப்பேட்டை வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வாரை அறுத்தால் கட்டை தனியே வந்துவிடும்.

சக்கிமுக்கித் துப்பாக்கி வந்ததும் இந்த எளிமை போயிற்று. விசைத்தகடு மரத்துள் அமர அளவாகப் பள்ளம் குடைய வேண்டும். சற்றே மிகுந்தால் விசை ஆடும். உதைப்பில் கட்டை பிளக்கும். கொல்லனுக்கு இணையாகத் தச்சனும் தேர்ந்தவனாயிருக்க வேண்டிய வேலை அது.

திப்பு சுல்தான் 1787-இல் பிரான்சுக்கு அனுப்பிய தூதுக்குழுவின் வழியே துப்பாக்கிக் கம்மியரையும் கேட்டிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருக்கென உருவான துப்பாக்கிகளின் வடிவம் ஐரோப்பியம்; அணி முற்றிலும் மைசூருடையது. கட்டையில் வெள்ளிப் பதிப்பு, குழலில் 'பப்ரி' எனும் புலிவரி. ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் 'அஸதுல்லாஹில் காலிப்' என்னும் தொடரை இடமும் வலமும் எதிரொளியாக எழுதி, எழுத்தாலேயே புலிமுகம் சமைக்கும் முறையும் அவரது படைக்கலங்களில் உண்டு. உருவம் தீட்டத் தயங்கியதால் எழுத்தை நாடினர் எனச் சிலர் கருதக்கூடும். எமக்கு அதில் உடன்பாடில்லை. அதே துப்பாக்கிகளில் வெள்ளிப் புலித்தலைகளும் இருக்கின்றனவே.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு வந்தனர். துப்பாக்கிகள் கொள்ளைப் பங்காகச் சிதறின. சில இன்று இங்கிலாந்தின் அரச சேகரிப்பில் உள்ளன. சில 2015 ஏப்ரலில் லண்டனில் ஏலம் போயின. பழுதுற்ற இத்தகைய துப்பாக்கிக்கு உரிமையாளர் புதுக் கட்டை பூட்டினால் பார்வைக்கு அழகு கூடும். ஆனால் மைசூர்த் தச்சனின் உளித்தடமும், வெள்ளி பதித்த பள்ளமும், கை பட்டுத் தேய்ந்த இடமும் பழங்கட்டையோடு போய்விடும். எனவே காப்பு வல்லுநர் விரிசலைப் பசையிட்டு ஒட்டுவர்; சிதைந்த இடத்தில் மட்டும் ஒத்த மரத்துண்டைப் பதித்து, அது பிற்காலத்தது எனக் குறித்து வைப்பர்.