ரிப்போர்ட்டில் தெரியாத வலி

இரத்தப் பரிசோதனை நார்மல். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஆனாலும் கழுத்து, தோள், முதுகு, இடுப்பு என்று மாதக்கணக்கில் வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப்போட்டாற்போல் அசதி. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும் அளவுக்கு மந்தம். "ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஒன்றுமில்லாமல் இல்லை. இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். பெண்களிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது.

ஏன் வலிக்கிறது?

தசையிலோ மூட்டிலோ பழுது இருக்காது. வலியை உணரும் மூளையும் நரம்புகளும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. பல்லி ஓடினாலே அலறுகிற திருட்டு அலாரம் மாதிரி. 1990இல் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11இல் வலித்தால்தான் இந்த நோய் என்றார்கள். 2010இல் அது மாறியது. வலி எங்கெங்கே பரவியிருக்கிறது, தூக்கமும் அசதியும் எப்படி, மூன்று மாதமாவது நீடிக்கிறதா என்று கேட்டே கண்டறியலாம். தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லையென்று உறுதிசெய்யத்தான் பரிசோதனைகள்.

மாத்திரை விஷயம்

மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்றவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. இங்கே வீக்கமே இல்லை. பலன் சொற்பம், மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், பிரீகாபலின். முதல் இரண்டின் பெயரைக் கூகுளில் தேடி, "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவை வலிச் செய்தியையும் மட்டுப்படுத்துபவை, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். பிரீகாபலினால் தலைசுற்றலும் தூக்கமும் வரலாம், எடையும் கூடலாம். ஒத்துவராவிட்டால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், திடீரென நிறுத்தாதீர்கள்.

நல்ல நாளில்தான் கவனம்

ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில், அழுத்தமாகச் சொன்னது உடற்பயிற்சி ஒன்றைத்தான். வலிக்கிறவரிடம் நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும், நியாயமே. அதனால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அது உடம்புக்குப் பழகியபின் ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும்.

காலைவாருவது வலி குறைந்த நாள்தான். "இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்று தோன்றியதும் திரைச்சீலைகளைத் துவைத்து, பரணை ஒழித்து, மாவும் அரைத்து வைத்துவிடுவோம். அடுத்த சில நாள் படுக்கைதான். பிறகு பயந்து அசையாமலே இருந்தால் உடம்பு மேலும் தளரும். வலிக்கத் தொடங்கும்வரை வேலை செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்: இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. பாதித் துணியைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தால் மாமியார் ஏதாவது சொல்வார். மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் கூட அழைத்துப் போவது நல்லது. மருமகள் சொன்னால் எடுபடாதது டாக்டர் சொன்னால் எடுபடும்.

எல்லாவற்றுக்கும் இதுவே காரணமில்லை

இந்த நோய் இருப்பவருக்கு வேறு நோய் வராது என்றில்லை. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, கை கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவற்றில் எது புதிதாக வந்தாலும் பழைய வலிதான் என்று விட்டுவிடாமல், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.