கைபேசியும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்

புற்றுநோயைத் தீர்க்கும் கதிர், இலக்குத் தவறினாலும் அளவு மிகுந்தாலும் நல்ல தசையையும் அழித்துவிடும். ஆதலின் கதிர்வீச்சுச் சிகிச்சை யந்திரங்களை நாள்தோறும் மாதந்தோறும் சோதித்து வருதல் இன்றியமையாதது. இச்சோதனைகளுள் சிலவற்றுக்கு நம் கைபேசியே உதவும் என்று இப்போது கூறப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெங்களூரு பொருத்தமான ஊராகும். 1973-இல் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இங்கு உள்ளது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த பாபாட்ரான் என்னும் கோபால்ட் யந்திரமும் இந்நகரத்து நிறுவனமொன்றின் கூட்டுறவால் உருப்பெற்றதே.

யந்திரத்தின் தலைப்பகுதி நோயாளியைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்துகிறது. கோணம் 1 பாகை பிசகினால், சுழற்சி மையத்திற்கு 10 சென்டிமீட்டர் அப்பால் கதிர் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் விலகும். அமெரிக்க மருத்துவ பௌதிகர் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை இந்த 1 பாகையையே வரம்பாகக் கொண்டுள்ளது. கொத்தனார் ரசமட்டம் வைத்துச் சுவரைப் பார்ப்பது போலவே பௌதிகரும் இக்கோணத்தைப் பார்ப்பது வழக்கம். கைபேசியினுள் புவியீர்ப்பின் திசையை உணரும் நுண்கருவி உண்டு. கதிரை நிறுத்தி, தலைப்பகுதியின் சமதளமான முகத்தில் கைபேசியை ஒட்ட வைத்தால், செயலி பாகையின் பத்தில் ஒரு பங்கு வரை கோணத்தைக் காட்டும். ஆயினும் கைபேசியையே முதலில் சோதித்தல் வேண்டும். மேசைமேல் வைத்துச் சாய்வைக் குறித்துக்கொண்டு, பின்னர் முனை மாற்றி வைத்துப் பார்த்தால், சாய்வின் அளவு மாறாது திசை மட்டுமே மாறுதல் வேண்டும்.

கதிரின் அளவை அறிவது வேறு காரியம். அதற்கு அயனி அறை என்னும் கருவி வேண்டும். அதனுள் இருப்பது வெளிக்காற்றே. காற்று மெலிந்தால் கருவி காட்டும் அளவும் குறையும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூரில் அது 910 அளவே. எனவே இங்கு அயனி அறை பத்தில் ஒரு பங்கு குறைத்தே காட்டும். கணக்கிட்டு அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்தில்தான் கைபேசி நம்மை ஏமாற்றக்கூடும். வானிலைச் செயலி காட்டுவது, பெரும்பாலும் கடல்மட்டத்திற்குச் சரிக்கட்டிய அழுத்தமாகும். அதனை நம்பிக் கணக்கிட்டால் யந்திரம் குறைவாகத் தருவதாகத் தோன்றும். அதை நம்பிக் கதிரைக் கூட்டினால் நோயாளி பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிகையாகப் பெறுவார். நாள்தோறும் காணத்தக்க மாறுபாடு 3 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பதை நோக்க, இஃது எத்தகைய அபாயம் என்பது விளங்கும். கடலோரச் சென்னையில் இதே பிழை நேர்ந்தாலும் விளைவு அற்பமே.

ஆகவே கோணத்தை விரைந்து பார்க்கக் கைபேசியைக் கொள்ளலாம். ஐயம் தோன்றினால் தரப்படுத்திய கருவியால் மறுபடி அளத்தல் வேண்டும். கதிரின் அளவை மட்டும், அயனி அறையும் அவ்வறையிலேயே வைத்த நம்பகமான காற்றழுத்தமானியும் கொண்டு, பயிற்சி பெற்ற மருத்துவ பௌதிகரே முடிவு செய்தல் வேண்டும்.