வில்லைச் சீட்டின் எண்கள்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே பொம்மைக்கோ அகலுக்கோ அச்செடுப்பவர், முடிவில் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே அச்சை அமைப்பார். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பது அவர் கணக்கில் முன்பே உண்டு. விழிமேல் அணியும் மென்மையான தொடுவில்லையை (காண்டாக்ட் லென்ஸ்) கடைந்தெடுக்கும் தொழிலில் இக்கணக்கு தலைகீழ். உலர்ந்த பலபடியைச் சிறிதாகக் கடைவர். உப்புநீரில் ஊறியபின் அது பருத்து உரிய அளவை எட்டும். ‘பாலிஹெமா’ என்னும் பலபடியால் ஆன வில்லையில் ஏறத்தாழ 38 விழுக்காடு நீரே.

இவ்வில்லையைத் தந்தவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், சிறுவர் விளையாடும் ‘மெர்க்கூர்’ இரும்புத் துண்டுகளையும் மிதிவண்டி விளக்கின் டைனமோவையும் இணைத்து, வீட்டிலேயே ஒரு சுழல்பொறி செய்தார். அதில் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். விளையாட்டுப் பொருளில் பிறந்த இவ்வில்லை விளையாட்டுப் பொருளன்று. ஆயினும் இன்று கைப்பேசியில் காலுறை வாங்கும் எளிமையோடு அதை வாங்கிவிட முடிகிறது. லென்ஸ்கார்ட் நிறுவனம் 2010 இல் தன் இணைய அங்காடியைத் தொடங்கியபோது முதலில் விற்றதும் தொடுவில்லையே.

வாங்குபவர் கையில் இருப்பது பெரும்பாலும் மூக்குக்கண்ணாடிக்கான சீட்டு. அதிலுள்ள ‘பவர்’ எண்ணை அப்படியே அங்காடியின் படிவத்தில் இட்டால் போதும் என்று அவர் கருதுகிறார். பிழை இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடி, விழிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்பது. தொடுவில்லையோ கண்ணீர்ப் படலத்தின்மீதே அமர்வது. இவ்விடைவெளி மறையும்போது வேண்டிய திறனும் மாறுகிறது. கண்ணாடியில் −8.00 டயாப்டர் அணிபவருக்குத் தொடுவில்லையில் ஏறத்தாழ −7.25 போதும். +8.00 அணிபவருக்கோ +8.75 அல்லது +9.00 வேண்டியிருக்கும். −2.00, −3.00 போன்ற சிறு எண்களில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. 4 டயாப்டரைத் தாண்டியபின் கணக்கிட்டே ஆகவேண்டும்.

திறனைத் திருத்திக்கொள்ளலாம். கண்ணாடிச் சீட்டில் இல்லவே இல்லாத அளவுகளுக்கு என்ன செய்வது? வில்லையின் உட்புற வளைவு ஆரம் 8.4 மில்லிமீட்டரா, 8.6 மில்லிமீட்டரா? அதன் விட்டம் 14.0 மில்லிமீட்டரா, 14.2 மில்லிமீட்டரா? கருவிழிப் படலத்தில் குருதிக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய உயிர்வளியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. இறுக்கமான வில்லையின் அடியில் கண்ணீர் தேங்கும், படலம் திணறும். தளர்ந்த வில்லை, இமைக்குந்தோறும் நழுவும். எண் ஒன்றாகவே இருந்தாலும் வணிகப்பெயர் மாறினால் பொருளும் ஓரத்தின் வடிவும் மாறும். ஆகவே ‘கையிருப்பில் இல்லை, இணையான வேறொன்றை அனுப்புகிறோம்’ என்று அங்காடி தானே முடிவெடுப்பது முறையன்று. பலசரக்கில் செல்லும் வழக்கம் விழியில் செல்லாது.

பார்வைச் சிதறல் குறைபாடு உடையோர்க்கு உருளைத் திறன், அச்சுக்கோணம் என்று மேலும் இரண்டு எண்கள் உண்டு. நான் அஞ்சுவது இக்கோணத்தையே. வில்லை 10 பாகை பிறழ்ந்தால் உருளைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு பிழையாக எஞ்சும். 30 பாகை பிறழ்ந்தால், அக்குறைபாட்டுக்கு வில்லையே அணியாததற்கு ஒப்பு. இனி, 100 என்று இடவேண்டிய கட்டத்தில் ஒரு சுழியம் விடுபட்டு 10 என்று பதிவானதாகக் கொள்வோம். பிறழ்வு 90 பாகை. எஞ்சும் பிழை, முதலில் இருந்ததைப்போல் இருமடங்கு! 100, 10 இரண்டுமே சந்தையில் கிடைக்கும் கோணங்கள் என்பதால் கணினி இதனை ஐயுறாது. கழித்தல் குறியை மறந்து −3.00 ஐ +3.00 ஆக்குவதும், வலக்கண்ணின் எண்ணை இடக்கண்ணுக்கு இடுவதும் இவ்வாறே. சீட்டின் படத்தைப் பெற்று, பயிற்சி பெற்ற ஒருவர் எண்ணோடு எண்ணாக ஒத்துப்பார்த்தாலன்றி இவை பிடிபடா. கட்டங்களில் முன்கூட்டியே ஏதேனும் ஓர் எண்ணை நிரப்பி வைக்கும் படிவத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அமெரிக்கா இதற்கென 2003 இல் ஒரு சட்டமே இயற்றியது. சீட்டு கையில் இல்லாத விற்பனையாளர், அதை எழுதியவரிடம் எண்களைச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். 8 அலுவல் மணி நேரத்துக்குள் மறுமொழி வராவிடில் உறுதியானதாகவே கொள்ளலாம். மௌனம் சம்மதம் என்பது பெண்பார்க்கும் படலத்துக்குப் பொருந்தலாம், இங்கே ஒவ்வாது. நம் அங்காடிகள் கேட்டறியும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நலம்.

பீங்கான் பட்டறையில் பணிபுரிவோர்க்கு இன்னொன்றும் உண்டு. மண்தூள் பறக்கும் இடத்தில், வில்லைக்கும் விழிக்கும் இடையே ஒரு துகள் சிக்கினாலும் அது கருவிழியைக் கீறும். அங்கே கண்ணாடியும் காப்புக் கவசமுமே தக்கவை. வில்லையைக் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கழுவுதல் ஆகாது. அந்நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிரி கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்க வல்லது.

ஆகவே, இணையத்தில் வாங்க விரும்புவோர் முதல் வில்லையை மட்டுமாவது கண் பரிசோதகரிடம் நேரில் அணிந்து பாருங்கள். வணிகப்பெயர், திறன், வளைவு ஆரம், விட்டம், தேவையெனில் உருளையும் அச்சுக்கோணமும், இரு கண்களுக்கும் தனித்தனியே எழுதிய வில்லைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொதி வந்ததும் உறையைப் பிரிக்குமுன் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். கண் சிவந்து வலித்தால் உடனே வில்லையைக் கழற்றிவிடுங்கள், எறிந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது வில்லையையும் அதன் டப்பாவையும் உடன் கொண்டுசெல்லுங்கள். எந்தக் கிருமி என்பதை அவற்றிலிருந்தே ஆய்வகத்தில் கண்டறிய இயலும்.