அந்தரத்தில் ஒரு நொடி

1949 பிப்ரவரியில் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு காலாண்டிதழ் வெளிவரத் தொடங்கியது. உடற்பயிற்சிக்கென்றே நடத்தப்பட்ட இதழ் அது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வந்தது. ஸ்ரீ அரவிந்தர் தம் கடைசி உரைநடைக் கட்டுரைகளை எழுதியது இந்த இதழுக்காகத்தான். அவற்றில் ஒன்றின் பொருள் உடலின் பூரணத்துவம். ஆண்டுக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராத யோகி, ஓட்டமும் தாண்டலும் பேசுகிற இதழுக்கு எழுதினார் என்று கேட்டால் பலரும் புருவம் உயர்த்துவார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இந்த உடம்பை ஒருமுறை உற்றுப் பார்த்தவர் அதை வெறும் சுமை என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கும் ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று, ஆசிரமப் பள்ளி தொடங்கிய நாளையொட்டி, ஆசிரம மைதானத்தில் சிறுவர் முதல் முதியோர் வரை உடற்பயிற்சி செய்து காட்டுகிறார்கள்.

அதே உடம்பைப் போட்டி மேடையில், அதன் எல்லை வரை கொண்டுபோய் நிறுத்துகிறவன் ஜிம்னாஸ்ட். ஆண்களுக்கு ஆறு கருவிகள்: தரைப்பயிற்சி, பாமல் ஹார்ஸ், வளையம், வால்ட், இணைப்பார், உயர்பார். நம் நாட்டுக்கு இதில் பதக்கப் பாதையை முதலில் திறந்தவர் அலகாபாத்தின் ஆஷிஷ் குமார். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில் வெள்ளியும் தரைப்பயிற்சியில் வெண்கலமும் வாங்கினார். அதே ஆண்டு குவாங்சோ ஆசியப் போட்டியில் தரைப்பயிற்சியில் வெண்கலம். அந்த இரண்டு போட்டிகளிலும் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்கு அதற்கு முன் ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை.

பதக்கக் கணக்கு இருக்கட்டும். தரைப்பயிற்சியில் ஒருவர் ஓடிவந்து எழும்பிப் பின்பல்டி அடிக்கிறார். கால் தரையை விட்டு மீண்டும் தரையைத் தொடும் வரை ஏறக்குறைய ஒரு நொடி. அதற்குள் உடல் இரண்டு முறை சுழல்கிறது, கூடவே முறுக்கிக்கொள்கிறது, கடைசியில் கால் கீழாக வந்து நிற்கிறது. எது மேல், எது கீழ் என்று அந்த ஒரு நொடியில் அவருக்கு யார் சொன்னது?

காதுதான். கேட்கும் காது போக, அதற்கும் உள்ளே எலும்புக்குள் புதைந்து, இன்னொரு கருவி இருக்கிறது. ஒன்றுக்கொன்று குறுக்காக மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் நீர். தலை திரும்பும்போது குழாய் திரும்பிவிடுகிறது, நீர் ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. ராட்டினத்தை விட்டு இறங்கியதும் நமக்குத் தலை சுற்றுவது இந்த நீர் இன்னும் அடங்காததால்தான். குழாய்களுக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புப் பொடி போன்ற படிகங்கள் இருக்கின்றன. எடையால் கீழே இழுபட்டு, கீழ் எது என்று காட்டுவது அவற்றின் வேலை. அந்தரத்தில் உடம்புக்கு எடை தெரியாது. ஆகவே, மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் படிகங்கள் உதவ முடியாது. குழாய் நீரும், கண்ணில் ஒரு கணம் பட்டு மறையும் தரையும்தான் துணை. அந்தத் துண்டுச் செய்திகளைக் கோத்து, எப்போது உடலை விரிக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தருவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சிறிய உறுப்பில்தான் அடைந்திருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கு அந்தரத்தில் திசை தப்பியபோதுதான், இத்தனை நாளும் இந்த ஏற்பாடு எவ்வளவு சத்தமில்லாமல் நடந்துவந்தது என்று உலகம் உணர்ந்தது.

முறுக்கு விஷயம் இன்னும் விசித்திரம். காற்றில் பிடித்து உந்த எதுவுமில்லை. பிறகு எப்படித் திரும்புவது? 1894-ல் பாரிஸில் எத்தியேன்-ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர், தலைகீழாக விடப்பட்ட பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது என்று தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். பிடித்திருந்த கையை உந்தித்தான் பூனை திரும்புகிறது என்று நம்பியவர்களுக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லின. முன்னுடலையும் பின்னுடலையும் மாற்றி மாற்றித் திருப்பி, காற்றிலேயே அது புரண்டுவிடுகிறது. ஜிம்னாஸ்ட் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார். கரணத்தின் நடுவில் ஒரு கையை மட்டும் சட்டென்று கீழே இறக்குவார். உடல் லேசாகச் சாயும். சாய்ந்த உடல் ஏற்கெனவே இருக்கும் சுழற்சியிலிருந்தே முறுக்கையும் எடுத்துக்கொள்ளும். பூனைக்கு யார் பாடம் எடுத்தது? நாம் பத்து வருடம் பயிற்சி மெத்தையில் விழுந்து எழுந்து கற்பதை, குட்டி சில வாரங்களில் செய்துவிடுகிறது. படைத்தவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கைப்பிடியால் அளந்து போடுவதில்லை போலும்.

இனி வளையம். தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் ஆடும் இரண்டு வளையங்களைப் பிடித்து, கைகளை இருபுறமும் நீட்டிச் சிலுவை போல அசையாமல் இரண்டு நொடி நிற்க வேண்டும். உடம்பின் முழு எடையும் தோள்மூட்டில். அந்த மூட்டு எப்படி அமைந்திருக்கிறது தெரியுமா? பெரிய எலும்பு உருண்டை, அதற்கு ஆழமே இல்லாத சிறு குழி. இடுப்பு மூட்டைப் போல ஆழக் குழி கொடுத்திருந்தால் தோள் உறுதியாக இருந்திருக்கும், கை இப்படி எல்லாத் திசையிலும் சுழன்றிருக்காது. சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, காவலுக்கு நான்கு சிறு தசைகளைச் சுற்றிலும் வைத்திருக்கிறான் படைத்தவன். வளையத்தில் நிற்பவரின் மூட்டு நழுவாமல் காப்பதில் அந்த நான்குக்கும் பெரும்பங்கு.

உயரம் குறைந்தவர்களே ஜிம்னாஸ்டிக்ஸில் சிறப்பதற்கும் காரணம் உண்டு. உடல் பெரிதாகும்போது எடை வலிமையை முந்திக்கொண்டு ஏறும். 1638-லேயே கலிலியோ விளக்கிய விதி இது. ஆறு முறை உலகப் பல்திறன் (ஆறு கருவிகளும் சேர்ந்த) பட்டமும், 2012, 2016 ஒலிம்பிக்கில் பல்திறன் தங்கமும் வென்ற ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா நம் தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் தசை வளரும் வேகத்தில் தசைநாண் வளராது. இரத்த ஓட்டம் அதற்குக் குறைவு, ஆறுவதற்கு நாளாகும். இத்தாலியின் யூரி கேகி 1992 ஒலிம்பிக்கைக் குதிகால் நாண் அறுந்து இழந்தார். 1996-ல் வளையத்தில் தங்கம். 2000-ல் புஜத்தின் நாண் அறுந்தது. முடிந்தது என்றார்கள். 2004 ஏதென்ஸில், 34 வயதில், அதே வளையத்தில் வெண்கலம். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதை மனத்தில் வைக்கட்டும்: மணிக்கட்டு வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்கு ஓய்வு கொடுங்கள். அங்கே வளரும் எலும்பின் நுனி இன்னும் மூடியிருக்காது.

பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) குடும்பங்கள் இன்னும் இருக்கும் ஊர் புதுச்சேரி. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு மலர் வைப்பார்கள். பிரான்ஸ் அணிக்கு ஆடிய சமீர் ஐத் சயீதை அந்த வீடுகளுக்குத் தெரிந்திருக்கும். 2016 ஆகஸ்டில் ரியோவில் வால்ட் தாண்டி இறங்கியபோது அவருடைய இடது கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன. பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மருத்துவர்கள் எலும்பை நேராக்கி நிலைநிறுத்தினார்கள், ஒட்டவைத்தது அவர்களில்லை. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, குருத்தெலும்பு முளைத்து, சுண்ணாம்பு ஏறி, தேவைக்கு மேல் தடித்து, பிறகு பாரம் விழும் திசைக்கேற்பத் தன்னைத்தானே செதுக்கிக்கொண்டது எலும்பு. உனக்கும் எனக்கும் விழுந்து கை ஒடிந்தாலும் இதே வேலை இதே ஒழுங்கில் நடக்கும், நாம் தூங்கும்போதும். எந்தக் கோயில் அதிசயத்துக்கும் குறைந்ததல்ல இது என்பது என் துணிபு.

2019 உலகப் போட்டியில் சமீர் வளையத்தில் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் பிரான்ஸின் கொடியை ஏந்தியவர்களில் ஒருவர், வளையத்தில் நான்காம் இடம். 2024 ஆகஸ்ட் 4, சொந்த நாட்டுத் தலைநகர் பாரிஸில், முறிந்து ஒட்டிய அந்தக் காலோடு மறுபடி வளைய இறுதிப்போட்டிக்கு வந்தார். வயது 34. மறுபடியும் நான்காம் இடம்.