பூட்டு வாங்கக் காசு வேண்டாம்!

2020-ம் ஆண்டு பி.எம்.கிசான் மோசடி நினைவிருக்கிறதா? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், தகுதியில்லாத பல லட்சம் பேர் பட்டியலில் ஏறினார்கள். 110 கோடி ரூபாய்வரை கைமாறியதாக அரசே சொன்னது. வேளாண் துறை அலுவலர்களின் பாஸ்வேர்டு வெளியாட்களிடம் போனதுதான் காரணம். ஒரு பாஸ்வேர்டு கசிந்தாலே இந்தக் கதி!

வீட்டு கம்ப்யூட்டரைக் காக்கப் பெரிய செலவு தேவையில்லை.

பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதாமல், ‘கீபாஸ்’ மென்பொருளில் பூட்டி வைக்கலாம். வரவு செலவுக் கணக்குக்கு ‘லிப்ரே ஆபீஸ்’ போதும். இரண்டுமே இலவசம்.

விண்டோஸ் 11-ல் ‘டிஃபெண்டர்’ என்ற வைரஸ் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய லேப்டாப்பில் ‘லினக்ஸ் மின்ட்’ போடலாம். அதற்கு முன் பட்டா, போட்டோக்களை பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு, இத்தகைய கட்டற்ற மென்பொருள்களில் பயிற்சி தருகிறது.

திண்டிவனம் கடைவீதி பிரவுசிங் சென்டரில் சிட்டா எடுத்தால், லாக் அவுட் செய்து, இறக்கிய ஃபைலை அழித்துவிட்டு எழுந்திருங்கள். ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லக் கூடாது.

‘கிசான் தவணை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே ஃபைலைத் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் தயங்காமல், உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதித்தால், பணம் பல கணக்குகள் தாண்டிவிடும்.