பர்கர் கடையில் உதித்த பூமி! - 42 ஆண்டுகள் டேப்பில் தூங்கிய படத்தின் கதை

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கிறது நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம். அந்த வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை. 2008-ல் அதன் உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் குழம்பித்தான் போயிருப்பார்கள். பர்கர் அடுக்கிய இடத்தில் வட்டவட்டமான டேப் பெட்டிகள். பக்கத்தில் ஃபிரிட்ஜ் அளவில் பழைய இயந்திரங்கள். 'மெக்மூன்' என்று செல்லப்பெயர் பெற்ற அந்தக் கடையில், நிலாவைத் தேடிக்கொண்டிருந்தது ஒரு சின்னக் குழு!

கதை 1966-ல் தொடங்குகிறது. மனிதனை நிலாவில் இறக்குவதற்கு முன், எந்த இடம் சமதளம், எங்கே பாறை என்று தெரிய வேண்டும். அதற்காக 1966, 67 ஆண்டுகளில் 5 லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பியது நாசா. டிஜிட்டல் கேமரா இல்லாத காலம். ஒவ்வொரு விண்கலத்திலும் ஃபிலிம் கேமராவும், அந்த ஃபிலிமைக் கழுவும் குட்டி ஸ்டூடியோவுமே இருந்தன. நிலாவைச் சுற்றியபடியே படமெடுத்து, கழுவி, ஒளிக்கற்றையால் வரிவரியாக ஸ்கேன் செய்து, ரேடியோ சிக்னலாகப் பூமிக்கு அனுப்பின. வேலை முடிந்தபின் விண்கலங்கள் நிலாவிலேயே மோதி முடிந்தன. ஒரிஜினல் ஃபிலிமும் அவற்றோடு போய்விட்டது.

மிஞ்சியது சிக்னல் மட்டும்தான். பூமியில் அதை இரண்டு விதமாகச் சேமித்தார்கள். ஒன்று, திரையில் தெரிந்ததை மறுபடி ஃபிலிமில் பிடித்து, பட்டை பட்டையாக ஒட்டிப் பெரிய படமாக்கினார்கள். உலகம் பார்த்தது அதைத்தான். கோடு விழுந்த, மங்கலான படங்கள். இன்னொன்று, வந்த சிக்னலை அப்படியே 2 அங்குல அகல காந்த டேப்பில் பதிவு செய்தார்கள். எந்தக் கைவேலையும் படாத மூலத்தரவு அது. நகலில் காணாமல்போன நுணுக்கமெல்லாம் டேப்பில் பத்திரமாக இருந்தது.

'தூக்கிப் போட முடியாது!'

ஆண்டுகள் ஓடின. நிலாவுக்குப் போய்வந்தாயிற்று. சுமார் 1,500 டேப்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1980-களில் அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி, நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் தரவுக் காப்பகப் பணியில் இருந்த நான்சி எவான்ஸிடம் வந்தது. தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. 'வைத்திருங்கள்' என்று சொல்லிவிட்டார்.

ஆனால், டேப் இருந்தால் மட்டும் போதுமா? அதைப் படிக்க ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எஃப்.ஆர்-900 என்ற இயந்திரம் வேண்டும். அரசு அலுவலகங்களுக்காகக் குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே தயாரான இயந்திரம் அது. தேடி அலைந்த நான்சி, விமானப்படை கழித்துக்கட்டிய 4 இயந்திரங்களைக் கண்டுபிடித்தார். வைக்க இடமில்லை. தன் வீட்டு கார் ஷெட்டிலேயே இறக்கிவிட்டார்!

பழுதுபார்க்கப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. பணி ஓய்வும் பெற்றார். இயந்திரங்கள் ஷெட்டில் தூசி படிந்து நின்றன. ஆனாலும், அவற்றை அவர் பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை.

செத்த இயந்திரத்துக்கு உயிர்

2007-ல் இந்த விஷயம் டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் என்ற இரு விண்வெளி ஆர்வலர்களின் காதுக்கு எட்டியது. இருவரும் களத்தில் இறங்கினார்கள். டேப்களும் இயந்திரங்களும் லாரியேறி ஏம்ஸ் மையத்துக்கு வந்தன. காலியாகக் கிடந்த பர்கர் கடை அவர்களுடைய பட்டறையானது.

சவால் அங்கேதான் ஆரம்பித்தது. இந்த மாடலுக்குக் கடையில் உதிரிபாகம் கிடையாது. ஓர் இயந்திரத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட் தேய்ந்திருந்தால் சிக்னலே வராது. அதைப் புதுப்பிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆம்பெக்ஸ் இயந்திரங்களோடு பழகிய கென் ஜின் போன்ற அனுபவசாலிகளின் கைப்பக்குவம்தான் அங்கே காப்பாற்றியது.

இயந்திரம் ஓடினாலும் படம் வந்துவிடாது. டேப்பில் இருப்பது படமல்ல, சிக்னல். அதிலிருந்து படத்துக்கான தகவலைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் கருவி காலத்தோடு காணாமல்போயிருந்தது. 1960-களின் ஆவணங்களைத் தேடிப் படித்து, அதையும் மறுபடி உருவாக்கினார்கள். பிறகு சிக்னலை டிஜிட்டலாக்கி, கம்ப்யூட்டரில் வரிவரியாகச் சேர்த்தார்கள்.

2008 நவம்பரில் அந்தப் படம் வெளியானது. நிலாவின் விளிம்புக்கு மேலே, பிறைபோல எழும் பூமி! 1966 ஆகஸ்ட் 23 அன்று லூனார் ஆர்பிட்டர்-1 எடுத்தது. நிலாவின் அருகிலிருந்து பூமியை எடுத்த முதல் படம் இதுதான். 66-லேயே உலகம் பார்த்த படம்தான் என்றாலும், இத்தனை தெளிவாக யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டுகளில் மற்ற டேப்களும் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. அன்றைய நிலாவையும் இன்றைய நிலாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட, விஞ்ஞானிகளுக்கு நல்ல மூலப்படங்கள் கிடைத்தன.

அந்த அதிர்ஷ்டம் இல்லாத டேப்கள்

எல்லா டேப்களுக்கும் ஒரு நான்சி கிடைக்கவில்லை. 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால்பதித்த காட்சி, டி.வி-யில் வந்ததைவிடத் தெளிவாகத் தனி டேப்களில் பதிவாகியிருந்தது. பல ஆண்டுகள் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் அறிவித்தது. டி.வி நிலையங்களில் மிஞ்சிய பிரதிகளைத் துலக்கித்தான் மக்களுக்குக் காட்ட முடிந்தது.

ஒரு பதிவு பிழைக்க மூன்று விஷயங்கள் வேண்டும். டேப் இருக்க வேண்டும். அதைப் படிக்கும் இயந்திரம் இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றில் முதலில் மறைவது பெரும்பாலும் டேப் அல்ல, மற்ற இரண்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கல்யாண கேசட் இருக்கலாம். தாத்தா பந்தியில் நின்று பரிமாறுவது, பாட்டி வெட்கத்தோடு கேமராவைப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கும். வி.சி.ஆர் எப்போதோ பழைய சாமானுக்குப் போயிருக்கும். கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. மாற்றியதை ஒரே பென் டிரைவில் வைக்காமல் இரண்டு, மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

பரணை எப்போது சுத்தம் செய்யப்போகிறீர்கள்?